ஏற்றாத சூடம்

நெஞ்சுவலி வந்த அன்று அது வாயுதான் என்று முதலில் தீர்ப்புச் சொன்னவள் நான். ஸ்டாஃப் ரூமில் இருந்த டீச்சர்கள் அதை வழிமொழிந்தார்கள். ஒருத்தி ஓமத்தண்ணீர் வாங்கிவர ஆளனுப்பினாள். இன்னொருத்தி முதுகை நீவிவிட்டாள். தமிழ் டீச்சர், காலையில் என்ன சாப்பிட்டேன் என்று விசாரித்து, உளுந்தவடைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். மதுரையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவள் நான். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவளுக்கு, தோளில் தொடங்கித் தாடை வரை ஏறுகிற வலி உளுந்தவடையால் வராது என்று தெரியவில்லை. ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த பீரியடுக்கும் போனேன். பாதி வகுப்பில் சேலை முழுக்க வியர்வையில் நனைந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கே சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்து பார்த்தார்கள். பல இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்துச் சரிக்கட்ட முடியாது, பைபாஸ்தான் என்றார்கள். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை உருவி எடுத்து இதயத்தில் மாற்றுப் பாதையாக வைத்துத் தைப்பார்கள். ஊரில் குழாய் உடைந்தால் பழைய குழாயை வெட்டி ஒட்டுப்போடுகிற வேலைதான் இதுவும் என்று என் கணவர் எனக்குத் தைரியம் சொன்னார். அவர் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கம்பி, குழாய் கணக்கில்தான் புரிந்துகொள்வார். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும் அவசரத்தில் கம்மல், வளையல், தாலி எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

இதயம் சொன்ன பேச்சைக் கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகு, இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இருமச் சொல்லியிருந்தார்கள். மல்லாந்துதான் படுக்க வேண்டும். கையை ஊன்றி எழக் கூடாது. காலையிலும் மாலையிலும் தெருவில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். முதலில் எங்கள் வாசலிலிருந்து கரண்ட் கம்பம் வரை, பிறகு பால் கடை வரை என்று என் உலகம் மெதுவாக விரிந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. டி.வி.யில் சமையல் எண்ணெய் விளம்பரத்தைப் பார்த்து அழுதேன் என்றால் நம்ப மாட்டீர்கள். அறுவைக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். சமையல் என் கணவர் கைக்குப் போயிருந்தது. உப்புக் குறைத்த அவருடைய ரசத்தை வாயில் வைத்ததும் வந்த அழுகைக்கு மட்டும் காரணம் இருந்தது.

வம்பு செய்தது கால்தான். ரத்தக்குழாயை எடுத்த இடத்தில், கணுக்காலுக்கு மேலே, தையல் விட்டுப்போய்ப் புண் திறந்துகொண்டது. எனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் புண்ணின் ஓரம் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். சர்ஜன் ஒருநாள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “இப்படியே போனா மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போயி கெட்டுப்போனதை வெட்டி எடுக்கணும்மா. அதுக்கும் அடங்கலைன்னா…” என்று நிறுத்தினார். அவர் நிறுத்திய இடம் எனக்குத் தெரியும். என் பெரியம்மா மகனுக்குக் கால் விரலில் தொடங்கி முழங்கால் வரை எடுத்தார்கள். அந்த அண்ணன் அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவள் நான். கால் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று நினைத்து, இந்த முறை விளம்பரம் எதுவும் இல்லாமலே அழுதேன்.

அப்போதுதான் சர்ஜன் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை என்றார். நீளமான ஒரு குழாய்க்குள் ஆளைப் படுக்க வைத்து மூடி, சுத்தமான ஆக்சிஜனை அழுத்தத்தோடு நிரப்புவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரைந்து, ரத்த ஓட்டம் குறைந்த இடத்துக்கும் போய்ச் சேரும். ஆறாத புண் ஆறுவதற்கு அது உதவலாம். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் என் கணவரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வீடியோ அனுப்பிவிட்டார். அந்தக் குழாய்க்குள் படுத்தால் இதயம் இளமையாகிவிடும் என்று அதில் ஒருவர் சத்தியம் செய்தார். என் கணவர் அதைச் சர்ஜனிடமே காட்டினார்.

“இதையெல்லாம் நம்பாதீங்க சார். ஹார்ட்டுக்கு மாத்திரை, நடை, சாப்பாடு, அம்புட்டுதான். இது கால் புண்ணுக்கு. அதுவும் ஒரு துணைதான். கட்டு மாத்துறதும் சுகரைப் புடிச்சு வைக்கிறதும் நடந்துக்கிட்டே இருக்கணும்” என்று சர்ஜன் போனைத் திருப்பிக் கொடுத்தார். என் இதயம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று எக்கோ எடுத்துப் பார்த்து, இதய டாக்டரும் சரி என்ற பிறகே தேதி கொடுத்தார்கள். ஹைப்பர்பேரிக் என்ற சொல் என் கணவர் வாயில் கடைசி வரை நுழையவில்லை. “உன்னைப் பாட்டில்ல போட்டு மூடப் போறாங்க, ஊறுகாய் மாதிரி” என்பார்.

அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கறுப்புச் சட்டைக்காரர். வேலைக்குக் காக்கி, மற்ற நேரமெல்லாம் கறுப்பு. பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம்தான் அவருக்கு ஊர். சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாமல் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்த குடும்பம். என் வீடும் அப்படிப்பட்டதுதான். அந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அவருடைய அப்பா பந்தல்கால் ஊன்றுவார், விறகு பிளப்பார், அண்டா கழுவுவார். சாமி கும்பிடும் நேரத்தில் வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் போய் நின்றுகொள்ள வேண்டும். எல்லோருக்கும் நீட்டப்படும் சூடத்தட்டு அந்த மரத்தடிக்கு மட்டும் வராது. அவர் அப்பா அங்கே நின்றபடியே தூரத்து வெளிச்சத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாராம். சின்னப் பிள்ளையாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றவர், வளர்ந்த பிறகு எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். நான் கோயிலுக்குப் போவேன். அதை அவர் தடுத்ததில்லை. வண்டியில் கொண்டுவந்து விடுவார், தெருமுனையில் நின்று பேப்பர் படிப்பார், திரும்பக் கூட்டிப்போவார்.

எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. மாலை மாற்றினால் போதும் என்றார் மாப்பிள்ளை. என் அம்மா விடவில்லை. “தாலி இல்லாம எம்மக அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டா” என்று பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல், வேறெங்கோ பார்த்தபடி கட்டினார். அன்று தொடங்கிய கேலி நிற்கவேயில்லை. “மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, டீச்சரம்மாவுக்கு இது” என்பார். ஆடிப்பெருக்குக்கு நான் மஞ்சள் கயிறு மாற்றும்போதெல்லாம், “பழசை எங்கிட்டக் குடு, வண்டிக்குக் கட்டிக்கிறேன்” என்பார். பிறகு நான் அதைச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். அப்போதும் கேலி மட்டும் மாறவில்லை.

சிகிச்சை அறையில் எங்களை எதிர்கொண்டது ஒரு டெக்னீஷியன் பெண். அலங்காநல்லூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவள். ஜல்லிக்கட்டுக்குப் பெயர்போன ஊரில் பிறந்ததாலோ என்னவோ, குரல் மைக் வேண்டாத குரல். முதல் நாள் விதிகளை ஒப்பித்தாள். தலைக்கு எண்ணெய் கூடாது. பவுடர், கண்மை, ஸ்டிக்கர் பொட்டு, பூ, திருநீறு, தைலம் எதுவும் கூடாது. நைலான், பாலியஸ்டர் கூடாது. செல்போன், வாட்ச், ஊக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது. அவர்கள் கொடுக்கும் வெள்ளைப் பருத்தி அங்கியை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு அங்கி கொடுத்து, வீட்டில் துவைத்து மாற்றி மாற்றிக் கொண்டுவரச் சொன்னாள்.

“சுத்தமான ஆக்சிஜன் டீச்சர். சின்னதா ஒரு பொறி வந்தாக்கூட எல்லாம் போச்சு” என்றாள்.

அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் நிரம்பிய ஜாடிக்குள் அணையப்போகும் ஊதுபத்தியை நீட்டி, அது குப்பென்று பற்றுவதை ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். முதல் வரிசைப் பிள்ளைகள் அப்போது ‘ஆ’ என்று பின்னால் சாய்வார்கள். அந்த ஜாடிக்குள் இப்போது நானே படுக்கப் போகிறேன்.

டெக்னீஷியன் பெண் சற்றுத் தயங்கி, “தாலியையும் கழட்டணும் டீச்சர். செலபேரு இதுக்கே அழுதுருவாங்க” என்றாள்.

நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால் ஆறுதலாக இருந்தது. நெஞ்சின் நடுவில் இருந்த தையல் தழும்பில் அந்தச் சங்கிலி உரசி உரசி எரிச்சல் கொடுத்துக்கொண்டிருந்தது. அடியில் பஞ்சு வைத்துச் சமாளித்து வந்தேன். சட்டென்று கழற்றி என் கணவரிடம் நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. “தங்கம் தீப்பிடிக்காதுல்லம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். “இது கெடந்துட்டுப் போகட்டுமே.”

அந்தப் பெண் முடியாது என்றாள். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். “மூக்கணாங்கயிறுதான? வாங்கி வைங்க” என்றேன். வாங்கிக்கொண்டு, அறையின் மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். உடம்பில் மின்பொறி உண்டாகாமல் அது பார்த்துக்கொள்ளுமாம். குழாய்க்குள் தள்ளிக் கதவை மூடியதும் வெளியே இருந்த சத்தமெல்லாம் அறுந்துபோனது. அழுத்தம் ஏற ஏறக் காது அடைத்தது. கொடைக்கானல் மலை ஏறும்போது அடைக்குமே, அதைவிடக் கூடுதலாக. எச்சில் விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள் என்று அந்தப் பெண் ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். உள்ளே லேசாகச் சூடானது, பிறகு பழகிவிட்டது. செய்வதற்கு எதுவுமில்லை. குழாயின் சுவர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததால் வெளியே பார்க்க முடிந்தது. பார்ப்பதற்கு அங்கே இருந்தது என் கணவர் மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவருக்கு வயதாகிவிட்டதை அங்கே படுத்துக்கொண்டுதான் கவனித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். நான் குழாய்க்குள் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் சட்டையின் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கும். மதுரை வெயிலில் அந்த மனிதர் கழுத்துப் பொத்தான் போட்டு நான் பார்த்ததே இல்லை. சமயத்தில் இரண்டாவது பொத்தானும் திறந்துதான் கிடக்கும். ஏ.சி. அறையில் குளிர்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நான் உடை மாற்றிக்கொண்டு வந்ததும் சங்கிலியை என் கையில் கொடுப்பார். அது எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். கையில் பொத்திவைத்திருப்பார் என்று நினைத்தேன்.

ஞாயிறு தவிர்த்துத் தினமும் போனோம். முதல் வாரத்தில் புண்ணில் பெரிய மாற்றமில்லை. அடுத்த வாரம் கட்டு மாற்றிய நர்ஸ், அடியில் சிவப்பாகச் சதை தெரிகிறது, நல்ல சகுனம் என்றார். சகுனம் என்ற சொல்லைக் கேட்டு என் கணவர் சண்டைக்குப் போகவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, உள்ளே போகுமுன் வழக்கம்போல டெக்னீஷியன் பெண் என் அங்கியைத் தடவிச் சோதித்தாள். கீழ்மடிப்பில் கை நின்றது. விரலால் நெருடிப் பார்த்தாள். முகம் மாறியது. மடிப்பின் தையலைக் கத்தரியால் பிரித்தபோது மடித்த ஒரு சின்னத் துணி வெளியே வந்தது. அதற்குள் கொஞ்சம் குங்குமமும் வெள்ளையாக ஒரு சூடக்கட்டியும் இருந்தன. அறை முழுக்கக் கோயில் வாசம் அடித்தது.

“சூடத்தையா டீச்சர் உள்ள கொண்டு போகப் பாத்தீங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சூடம் அறைச் சூட்டிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும் பொருள். பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். மூடிய குழாய், சுத்தமான ஆக்சிஜன், அதற்குள் சூடம், சூடத்தோடு நான். ஊதுபத்தி குப்பென்று பற்றுவது கண்ணுக்குள் வந்து போனது. முதலில் நினைவுக்கு வந்தவள் என் தங்கைதான். ஊரில் உள்ள எல்லாச் சாமிக்கும் எனக்காக நேர்ந்துகொண்டவள், முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்து போயிருந்தாள். நேரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

அந்தச் சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பான டாக்டர் வந்தார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, இறங்கியது. “இங்க மத்த பேஷன்ட்டும் இருக்காங்க. யார் வச்சதுன்னு தெரியணும். தெரியலைன்னா உங்களுக்கு ட்ரீட்மென்ட்டைத் தொடர முடியாது. நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்” என்றார்.

சிவப்பாகத் தெரியத் தொடங்கிய சதையும், பெரியம்மா மகனின் காலில்லாத பக்கம் மடிந்து கிடந்த வேட்டியும் ஒரே நேரத்தில் என் நினைவுக்கு வந்தன. தங்கையின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் பிரித்துப்போட்ட மடிப்பைப் பார்த்தேன். வெள்ளை அங்கியில் கறுப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தையல் டப்பாவில் எல்லா நிறத்திலும் நூல் இருக்கிறது. ஆனால் கறுப்பைத் தவிர வேறு நூலைத் தொடாத ஒரே ஆள், தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்ளும் என் கணவர். எனக்கு அறுவை நடந்ததிலிருந்து வீட்டுத் துணியோடு, இப்போது அந்த அங்கிகளையும் துவைத்துக் காயப்போடுகிறவர் அவர்தான்.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள். ஆயுசு முழுக்கக் கறுப்புச் சட்டை போட்ட மனிதர் இத்தனை பேர் நடுவில் சூடத்தோடு பிடிபடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“நாந்தான் டாக்டர். பயத்துல வச்சுட்டேன்” என்றேன்.

“நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்னு சொன்னாங்களே” என்றார் டாக்டர். அதற்கு மேல் அவர் திட்டவே வேண்டியிருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. “அவ பொய் சொல்றா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் வச்சேன்” என்றார் என் கணவர்.

டாக்டர் அவருடைய சட்டையைப் பார்த்தார், சூடத்தைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார். டெக்னீஷியன் பெண்ணுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. “வேற என்னென்ன வச்சிருக்கீங்க சார்? இப்பவே சொல்லிருங்க” என்றாள்.

அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக்குள் கையை விட்டு என் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்தார். அது அவர் கழுத்தில் கிடந்தது.

“இது மட்டுந்தான். இது எங்கழுத்துலதான் கெடக்கு, அவ கழுத்துல இல்ல” என்றார்.

டாக்டர் திரும்பிச் சுவரில் இருந்த அழுத்தமானியைப் படிப்பது போல நின்றார். அடக்கிய சிரிப்பில் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அன்றைய சிகிச்சையை ரத்து செய்தார். இனி அங்கி ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், அவர்களே துவைப்பார்கள், வீட்டுத் துணி ஒரு நூல்கூட உள்ளே வரக் கூடாது, இன்னொரு முறை நடந்தால் அத்தோடு முடிந்தது என்றார். சரி என்றோம். அந்தப் பெண் சூடத்தைக் குப்பையில் போடப் போனவள், என்ன நினைத்தாளோ, ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்து, “இதை மொதல்ல கட்டடத்தை விட்டு வெளிய கொண்டு போங்க” என்றாள்.

ஆட்டோவில் வரும்போது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பைபாஸ் செய்தவள் கத்தக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

“உசுரோட கொளுத்தப் பாத்தீங்களே! அந்தப் பொண்ணு அம்புட்டு தடவை சொல்லுச்சே, காதுல விழுகலையா?”

“சூடத்தைச் சொல்லலையே. எண்ணெய், பவுடருன்னுதான சொல்லுச்சு” என்றார்.

“சூடம் எரியும்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். பத்த வச்சாத்தான எரியும்னு நெனச்சேன்.”

பிறகு அவராகவே சொன்னார். அந்த வாரத்தில் ஒருநாள் மருந்து வாங்கப் போன மனிதர், நேராக வண்டியை ஓட்டிக்கொண்டு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போயிருக்கிறார். அங்கே மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு கடையில் சூடம் வாங்கியிருக்கிறார். கடைக்காரம்மா குங்குமத்தையும் மடித்துக் கொடுத்து, ஏற்றிவிட்டு வாருங்கள் என்றிருக்கிறார். வாசல் வரை போயிருக்கிறார். சுற்றிலும் ஆட்கள். எல்லோரும் தன் சட்டையையே பார்ப்பதாகத் தோன்றியிருக்கிறது.

“எங்கப்பா நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு. என்னால முடியலை. ஏத்தாமத் திரும்பிட்டேன். சரி, தூக்கிப் போட்டுருவோம்னு பாத்தா அதுக்கும் மனசு வரலை. ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இதைத் தூக்கிப் போட்டதாலதான்னு தோணிரும். ஏத்தவும் முடியாம, போடவும் முடியாம… ஓங்கூடவே இருக்கட்டும்னு வச்சுத் தச்சுட்டேன்.”

“தாலியை ஏன் கழுத்துல போட்டீங்க?”

“பைல வச்சா விழுந்துரும். கையில வச்சா எங்கிட்டாவது வச்சுட்டு மறந்துருவேன்.” கொஞ்ச தூரம் போன பிறகு, “கழுத்துல கெடக்க வேண்டிய சாமான்தான” என்றார்.

எனக்குக் கோபம் போகவில்லை. அதே நேரம் இந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியமும் வந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “என்னண்ணே, அக்காவுக்கு ரொம்ப வலிக்குதோ?” என்று கேட்டார். “இல்லண்ணே, நாந்தான் திட்டு வாங்கிட்டு வாரேன்” என்றார் இவர்.

மறுநாளும் போனோம். டெக்னீஷியன் பெண் என்னைவிட அவரைத்தான் அதிகமாகச் சோதித்தாள். சங்கிலியைக் கழற்றி நான் அவரிடம் நீட்டியதும், அவர் எல்லோர் முன்னாலும் கழுத்தில் போட்டுக்கொண்டு பொத்தானைப் பூட்டினார். “சார், ஒங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு” என்றாள் அந்தப் பெண். அதிலிருந்து அந்த அறையில் எங்களுக்குக் கொஞ்சம் செல்வாக்குக் கூடியது. நான் உள்ளே படுத்துக்கொண்டு அவரைப் பார்ப்பேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார். பேச வழியில்லாததால் சண்டையும் இல்லை.

புண் மெதுவாகத்தான் ஆறியது. ஓரத்துக் கறுப்பு மறைந்தது, சிவப்பு மேலேறியது, பிறகு வெங்காயத் தோல் போல மெல்லிய புதுத் தோல் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வந்தது. எதனால் ஆறியது என்று டாக்டரைக் கேட்டேன். ஆக்சிஜன் உதவியிருக்கிறது, சுகர் அடங்கியதும் கட்டு ஒழுங்காக மாற்றியதும் உதவியிருக்கின்றன, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இனி வெட்ட வேண்டியதில்லை என்று சர்ஜன் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் நானே இறங்கினேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம், தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வரலாம் என்றேன். அவர் வண்டியை எடுத்தார். குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரையெல்லாம் நடக்கிறவர்கள், சுண்டல் விற்கிறவர்கள். ஒரு பக்கம் முழுக்க நடந்து முடித்தேன். கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. கோயில் பக்கம் வந்ததும் அவர் வழக்கம்போலத் தயங்கி நின்றார்.

“நீ போயிட்டு வா. நான் இங்கனக்குள்ள நிக்கிறேன்” என்றார்.

நான் பையிலிருந்து அந்தத் தாள் பொட்டலத்தை எடுத்தேன். இத்தனை நாளில் சூடம் பாதிக்கு மேல் கரைந்து, குன்றிமணி அளவுக்குத்தான் மிச்சமிருந்தது. திடப்பொருள் திரவமாகாமலே நேராக ஆவியாவதற்குப் பாடப் புத்தகத்தில் கொடுத்திருக்கும் அதே உதாரணம். அவர் அதைப் பார்த்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

கோயில் வாசலை நோக்கி நாலு எட்டு வைத்தேன். பிறகு என்னவோ தோன்றித் திரும்பி வந்தேன். அவர் நின்றிருந்த இடத்திலேயே, குளத்துக் கரைச் சுவரின் மேல் அந்தச் சூடத்தை வைத்தேன். நான் தீக்குச்சியைக் கிழித்தேன். குளத்துக் காற்று அணைத்துவிட்டது. இன்னொன்றைக் கிழித்தேன், அதுவும் அணைந்தது. மூன்றாவது குச்சியைக் கிழித்தபோது அவர் குனிந்து, சூடத்தைச் சுற்றி இரண்டு கையையும் குவித்தார். பற்றிக்கொண்டது. சின்ன நெருப்புத்தான். அவர் முகத்திலும், குவித்த உள்ளங்கைகளிலும் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. புளியமரத்தடிக்கு வராமல் போன தட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல், “என்ன, கும்புடுறீங்களா?” என்று கேட்டேன்.

“காத்துக்கு மறைக்கிறேன்டி” என்றார்.

சூடம் எரிந்து முடிகிற வரை கையை எடுக்கவில்லை.